ஒரு கம்பி, ரெண்டு செலரான்: டெஸ்க்டாப்புக்குள்ள இன்னொரு ப்ராசஸர் வந்த கதை

இன்னைக்குக் கதை ஒரு டிரில் மெஷின்ல ஆரம்பிக்குது.

வருஷம் 1998. இன்டெல் கம்பெனி செலரான்னு ஒரு மலிவு விலை ப்ராசஸரை வித்துக்கிட்டு இருக்கு. பெரிய அண்ணன் பென்டியம் 2-க்கு இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் கூடு கூட இதுக்குக் கிடையாது. வெறும் பச்சை சர்க்யூட் போர்டு, நடுவுல சிப். இதை வாங்கின சில பேர், வாரன்டி போனா போகட்டும்னு, அந்தப் போர்டுல நுணுக்கமா ஒரு ஓட்டை போட்டு, மெல்லிசா ஒரு கம்பியைச் சால்டர் வெச்சு ஒட்டினாங்க. கை கொஞ்சம் வழுக்கினா வாங்கின காசு மொத்தமும் போச்சு. அதுவும் ஒண்ணு இல்ல, ரெண்டு ப்ராசஸருக்கு இதைச் செய்யணும்.

எதுக்கு இந்த வேலை? ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு ப்ராசஸரும் சேர்ந்து ஓடணும். அவ்வளவுதான் ஆசை.

இப்போ இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிற உங்க போன்லயே அநேகமா எட்டு கோர் இருக்கும். அதனால இந்த ஆசையோட கனம் நமக்குச் சட்டுனு புரியாது. "மல்டி கோர்" வந்தது கம்பெனிகளோட தொலைநோக்கால, வேகத்துல அடுத்த கட்டத்துக்குப் போகணும்னு திட்டம் போட்டு வந்ததுன்னு விளம்பரங்கள் நம்மள நம்ப வெச்சிருக்கு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. சாதாரண டெஸ்க்டாப்ல அது வந்த விதம் வேற. ஒரு பக்கம், கம்பெனி வேண்டாம்னு பூட்டி வெச்ச கதவை ஆர்வலர்கள் உடைச்சாங்க. இன்னொரு பக்கம், சூடு தாங்க முடியாம கம்பெனியே அந்தக் கதவு வழியா வெளியே ஓடி வந்தது. ரெண்டையும் சொல்றேன்.

முதல்ல ஒரு ப்ராசஸர் எப்படி பத்து வேலை செய்யுதுன்னு பார்த்துடலாம். ஒரு டீக்கடை. ஒரே ஒரு மாஸ்டர். டீ ஆத்தணும், வடை திருப்பணும், சில்லறை கொடுக்கணும். ஒரு நேரத்துல ஒண்ணுதான் செய்ய முடியும். ஆனா கை வேகமா மாறி மாறிப் போறதால, எல்லாம் ஒண்ணா நடக்கிற மாதிரி நமக்குத் தெரியும். ஆபரேட்டிங் சிஸ்டம் செய்யறது இதைத்தான். ஒவ்வொரு புரோகிராமுக்கும் சில மில்லிசெகண்ட் கொடுத்து, அடுத்ததுக்கு மாத்தி, அடுத்ததுக்கு மாத்தி ஓட்டும்.

மாஸ்டர் வடைச் சட்டியிலயே நின்னுட்டா என்ன ஆகும்? 1999-ல கம்ப்யூட்டர் வெச்சிருந்தவங்களைக் கேளுங்க, நல்லாத் தெரியும். சிடி ரைட் பண்ணும்போது மவுஸைத் தொடக் கூட பயப்படுவாங்க. ஏன்னா டிரைவுக்கு டேட்டா இடைவிடாம போய்க்கிட்டே இருக்கணும். நடுவுல ப்ராசஸர் வேற எதுலயாவது மாட்டிக்கிட்டா டிரைவோட பஃபர் காலியாயிடும், எழுதிக்கிட்டு இருந்த சிடி பாழ். அந்த டிஸ்க்கை டம்ளருக்கு அடியில வைக்கத்தான் லாயக்கு. பஃபர் காலியானாலும் விட்ட இடத்துல இருந்து தொடர்ற டிரைவ் எல்லாம் 2000-க்குப் பிறகுதான் பரவலாச்சு.

இன்னொரு மாஸ்டரைப் போட்டா? இங்க ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடணும், ஏன்னா இதுலதான் அன்னைக்கும் இன்னைக்கும் குழப்பம். ப்ராசஸர் ரெண்டானா ஒரு புரோகிராம் ரெண்டு மடங்கு வேகமா ஓடாது. வேலையைப் பிரிச்சுக் கொடுக்கத் தெரியாத புரோகிராமுக்கு இரண்டாவது ப்ராசஸர் இருக்கிறதே தெரியாது. பிரிக்கத் தெரிஞ்சாலும், பிரிக்க முடியாத பகுதி ஒண்ணு மிஞ்சும். அதுதான் மொத்த வேகத்துக்கும் எல்லை போடும். ஜீன் ஆம்டால் 1967-லேயே இதைச் சொல்லிட்டாரு. ஆனா ஒரு புரோகிராம் ஒரு ப்ராசஸரை முழுசா விழுங்கிட்டு உட்கார்ந்தா கூட, இன்னொண்ணு சும்மா இருக்கும். மவுஸ் நகரும். விண்டோ திறக்கும். சிக்கின புரோகிராமை டாஸ்க் மேனேஜர்ல போய் மூட முடியும். அந்த ஆர்வலர்கள் துரத்தினது வேகத்தை விட இந்த வழவழப்பைத்தான்னு நினைக்கிறேன்.

ரெண்டு ப்ராசஸர் மெஷின் அதுக்கு முன்னாடி இல்லாம இல்ல. காம்பேக் கம்பெனி 1989-லேயே சிஸ்டம்ப்ரோன்னு ஒரு சர்வர் விட்டது, அதுல ரெண்டு ப்ராசஸர் போடலாம். மைக்ரோசாஃப்ட்டோட விண்டோஸ் என்.டி. 1993-ல வரும்போதே ஒண்ணுக்கு மேற்பட்ட ப்ராசஸரை ஓட்டுற மாதிரி எழுதப்பட்டது. 1994-ல வந்த பென்டியம் சிப்புகள்ல, ரெண்டு ப்ராசஸர் பேசிக்கிறதுக்கும் வேலைக் குறுக்கீடுகளைப் பங்கு போட்டுக்கிறதுக்கும் வேண்டிய சர்க்யூட்டை இன்டெல் உள்ளேயே வெச்சது. 1995 கடைசியில வந்த பென்டியம் ப்ரோவை நாலு வரைக்கும் ஒண்ணா கட்டலாம். எல்லாம் இருந்தது. ஆனா அது சர்வருக்கும், பொறியாளர்களோட வொர்க்ஸ்டேஷனுக்கும். வீட்டுல இருக்கிறவன் விலையைக் கேட்டுட்டுத் திரும்பி வந்துட வேண்டியதுதான்.

வீட்டு மேஜைக்குன்னே ரெண்டு ப்ராசஸரோட ஒரு மெஷின் வந்தது 1995 அக்டோபர்ல. பேரு பீபாக்ஸ். ஆப்பிள்ல பெரிய பொறுப்புல இருந்து வெளியே வந்த ஜான்-லூயி காஸே ஆரம்பிச்ச 'பீ' கம்பெனியோடது. உள்ள 66 மெகாஹெர்ட்ஸ் பவர்பிசி 603 ப்ராசஸர் ரெண்டு. இந்த 603 சிப் ஜோடியா வேலை செய்யறதுக்காக வடிவமைச்சதே இல்ல. இருந்தும் கெஞ்சிக் கூத்தாடி ரெண்டையும் ஒரே போர்டுல ஓட வெச்சாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அதோட முகப்பு. ரெண்டு வரிசை எல்.இ.டி. விளக்கு. ஒவ்வொரு ப்ராசஸரும் எவ்வளவு வேலை செய்யுதோ அந்த அளவுக்கு விளக்கு மேல ஏறி இறங்கும். பழைய டேப் ரெக்கார்டர்ல பாட்டுக்கு ஏத்த மாதிரி விளக்கு ஆடுமே, அதே மாதிரி.

அதுல ஓடின பீஓஎஸ், ஒவ்வொரு விண்டோவுக்கும் தனித்தனி த்ரெட் கொடுத்தது. அதாவது எழுதும்போதே வேலையைத் துண்டு துண்டா பிரிச்சு எழுதச் சொல்லி புரோகிராமர்களைக் கட்டாயப்படுத்தினது. வேண்டாத ப்ராசஸரை ஆஃப் பண்ண ஒரு குட்டி புரோகிராம் கூட இருந்தது, பேரு பல்ஸ். ஆரம்ப காலத்துல அதுல ரெண்டு ப்ராசஸரையும் ஆஃப் பண்ணிடலாம்! பண்ணினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. மொத்தமே 2,000-க்கும் குறைவான பீபாக்ஸ்தான் தயாராச்சு. 1997 ஆரம்பத்துல மெஷினை நிறுத்திட்டாங்க. ஆப்பிள் இவங்களை வாங்கும்னு ஒரு பேச்சு இருந்தது. 1996 டிசம்பர்ல ஆப்பிள் வாங்கினது ஸ்டீவ் ஜாப்ஸோட நெக்ஸ்ட் கம்பெனியை. பீ 2001-ல வெறும் 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு பாம் கம்பெனிகிட்ட போய்ச் சேர்ந்தது.

சரி, செலரானுக்கு வருவோம்.

1998 ஏப்ரல்ல வந்த முதல் செலரான் ஒரு சொதப்பல். விலையைக் குறைக்கிறதுக்காக இரண்டாம் நிலை கேஷ் மெமரியை மொத்தமா எடுத்துட்டாங்க, சிப் மந்தமாயிடுச்சு. திட்டு வாங்கின இன்டெல் அதே வருஷம் ஆகஸ்ட்ல 300ஏ-ன்னு ஒண்ணு விட்டது. இதுல 128 கிலோபைட் கேஷ், சிப்புக்குள்ளேயே. பென்டியம் 2-ல 512 கிலோபைட் இருந்தது, ஆனா அது சிப்புக்கு வெளியே, ப்ராசஸரோட பாதி வேகத்துல ஓடும். செலரானோடது சின்னது, ஆனா முழு வேகம். பல வேலைகள்ல தம்பி அண்ணனுக்குச் சமமா நின்னுட்டான்.

அது மட்டுமா? மதர்போர்டுல பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸா மாத்தினா, 300 மெகாஹெர்ட்ஸுக்கு காசு கொடுத்த சிப் 450-ல ஓடும். ரொம்பப் பேருக்கு ஓடிச்சு. இதுல கடுப்பாக வேண்டியது யாருன்னு தெரியும்ல? அதிக விலைக்கு பென்டியம் 2 வித்துக்கிட்டு இருந்த அதே இன்டெல்தான்.

அதனாலதான் அந்த ஒரு கம்பி. ரெண்டு ப்ராசஸர் ஒரே பஸ்ஸைப் பகிர்ந்துக்கும்போது, "இப்போ எனக்கு வழி விடு"ன்னு இன்னொண்ணுகிட்ட கேட்க ஒரு சிக்னல் வேணும். செலரான் சிப்புக்குள்ள அந்த வசதி இருந்தது. ஏன்னா அடிப்படையில அதுவும் பென்டியம் 2 குடும்பம்தான். இன்டெல் செஞ்சது என்னன்னா, சிப்புலிருந்து போர்டோட விளிம்புக்குப் போக வேண்டிய அந்த ஒரு இணைப்பை மட்டும் கொடுக்கல. ரெண்டு ப்ராசஸர் வேணுமா, பென்டியம் 2 வாங்கு. இன்னும் பெருசா வேணுமா, ஜியான் வாங்கு. வீடு முழுக்கக் கட்டிட்டு ஒரு ரூமுக்கு மட்டும் கதவு வைக்காம விட்ட மாதிரி.

இது தப்பா? ஒரே சிப்பை ரெண்டு விலைக்கு விக்க ஒரு வசதியை முடக்கறது இந்தத் தொழில்ல ரொம்ப சகஜம், இன்னைக்கும் நடக்குது. கம்பெனி பக்கம் ஒரு நியாயமும் இருக்கு: ஜோடியா ஓட்டி சோதிக்காத சிப்புக்கு அவங்க எப்படி உத்தரவாதம் கொடுப்பாங்க? ஆனா நான் காசு கொடுத்து வாங்கின பொருளுக்குள்ள இருக்கிற ஒண்ணை, நான் ஓட்டை போட்டு எடுத்துக்கிட்டா அதுல அவங்களுக்கு என்ன போச்சு? அந்த ஆர்வலர்கள் கேட்டது இதைத்தான்.

அடுத்த திருப்பம் 1999 தொடக்கத்துல. விலையை இன்னும் குறைக்கிறதுக்காக இன்டெல் செலரானை நீளப் போர்டுலிருந்து சதுரமான சாக்கெட் 370 வடிவத்துக்கு மாத்தினது. இப்போ சிப்போட எல்லாக் கால்களும் அடியிலேயே இருக்கு, அந்தக் குறிப்பிட்ட சிக்னலோட கால் உட்பட! ஆவணத்துல அது பயன்பாட்டுக்கு இல்லைன்னு இருந்தாலும், கால் அங்கதான் இருந்தது. முதல்ல அடாப்டர் அட்டைகள்ல அந்தக் காலுக்குக் கம்பி இழுத்தாங்க. பிறகு தைவானைச் சேர்ந்த ஏபிட் கம்பெனி, யாரும் சால்டர் பண்ண வேண்டாம்னு, மதர்போர்டுலயே அந்த இணைப்பைக் கொடுத்துட்டது. அந்தப் போர்டோட பேர் பிபி6. 1999-ல வந்தது. ரெண்டு சாக்கெட், எந்த மாற்றமும் செய்யாத ரெண்டு செலரான். இன்டெல்லோட ஆசீர்வாதம் கிடையாது, ஆனா சிப்செட் என்னவோ இன்டெல்லோட 440பிஎக்ஸ்தான்.

இதுல பெயர் வாங்கின ஜோடி 366 மெகாஹெர்ட்ஸ் செலரான் ரெண்டு. பஸ்ஸை 100-க்கு ஏத்தினா ரெண்டும் 550-ல ஓடும். அதே வருஷம் பிப்ரவரியில இன்டெல் பெருமையா வெளியிட்ட பென்டியம் 3-யே 450, 500 மெகாஹெர்ட்ஸ்தான். மலிவு சிப் ரெண்டைப் போட்டு அதையும் தாண்டிட்டாங்க.

ஆனா ஏத்தறது சும்மா இல்ல. இங்கதான் சூடு வருது. ஒரு சிப் செலவழிக்கிற மின்சாரம் அதோட வேகத்தைப் பொறுத்து நேரா ஏறும். வோல்டேஜைப் பொறுத்து வர்க்கமா ஏறும். 366-ஐ 550 ஆக்கினா வேகம் ஒண்ணரை மடங்கு. அந்த வேகத்துல தடுமாறாம இருக்க வோல்டேஜை 2.0-லிருந்து 2.3 ஆக்கினா, அதோட வர்க்கம் கிட்டத்தட்ட 1.3 மடங்கு. ரெண்டையும் பெருக்கினா ஒரு சிப்புக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு சூடு. அது ரெண்டு சிப். ஆக, கம்பெனி கணக்குப் போட்ட ஒரு செலரானோட சூட்டைப் போல நாலு மடங்கு அந்தப் பெட்டிக்குள்ள. இதை ஏசி இல்லாத ரூம்ல, மே மாசத்துல நினைச்சுப் பாருங்க.

அதனால பெரிய பெரிய ஹீட்சிங்க், சின்ன ஃபேனோட கீச்சு சத்தம், கேபினெட்டோட மூடியைக் கழட்டிட்டு பக்கத்துல டேபிள் ஃபேன். ரெண்டு சாக்கெட்டும் அக்கம்பக்கமா இருந்ததால ஒரு ஹீட்சிங்க் அகலமா இருந்தா இன்னொண்ணு உட்காராது. சுத்தி வரிசையா கெப்பாசிட்டர்கள் வேற. பலருக்கு வேதனை வந்தது இந்தக் கெப்பாசிட்டர்களால. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள்ள ஒரு திரவம் இருக்கும். பொதுவான ஒரு கணக்கு, 10 டிகிரி சூடு கூடினா ஆயுசு பாதியாகும். அதோட, 1999-க்குப் பிறகு சில வருஷங்களுக்கு, மட்டமான திரவம் நிரப்பின கெப்பாசிட்டர்கள் பல கம்பெனிகளோட போர்டுகள்ல நுழைஞ்சிடுச்சு. தலை உப்பும், கசியும், வோல்டேஜ் ஆடும், கம்ப்யூட்டர் காரணமே இல்லாம நின்னுடும். இதுல ஏபிட்டோட போர்டுகளும் சிக்கிச்சு. சால்டரிங் அயர்ன் வேண்டாம்னு பிபி6 வாங்கினவங்க, கெப்பாசிட்டர் மாத்தறதுக்காக மறுபடியும் அதையே கையில எடுத்தாங்க.

ஓடுதுன்னா போதுமா, நிலையா ஓடுதான்னு எப்படித் தெரியும்? அதுக்கு ப்ரைம்95 இருந்தது. பெரிய பகா எண்களைத் தேடுறதுக்காக எழுதின புரோகிராம். விடை ஏற்கெனவே தெரிஞ்ச கணக்குகளை மணிக்கணக்கா போட்டு, ஒரு இடத்துல தப்பு வந்தாலும் உடனே காட்டிக் கொடுத்துடும். ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்கி, காலையில எழுந்ததும் ஓடிப் போய்ப் பார்க்கிறது ஒரு சடங்கு. ஒரு பிரதி ஒரு ப்ராசஸரைத்தான் சோதிக்கும். அதனால ரெண்டு பிரதி, ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு ப்ராசஸர்ல கட்டிப் போட்டு ஓட்டணும். 1999 மே மாசம் செட்டி@ஹோம் திட்டம் வந்தது. வேற்றுக்கிரகவாசிகளோட சிக்னல் இருக்கான்னு வீட்டுக் கம்ப்யூட்டர்களை வெச்சுத் தேடுற வேலை. ரெண்டு ப்ராசஸர் வெச்சிருந்தவங்களுக்கு அது கொண்டாட்டம். ரெண்டு பிரதி, இருபத்துநாலு மணி நேரமும், ரெண்டு ப்ராசஸரும் நூறு சதவீதம். வேற்றுக்கிரகவாசி கிடைக்கல, ஆனா கூலிங் சரியா இருக்கான்னு மட்டும் நல்லாத் தெரிஞ்சது.

இவ்வளவு பாடுபட்டும் ஒரு பெரிய கோளாறு பாக்கி. வீட்டுல எல்லார்கிட்டயும் இருந்த விண்டோஸ் 98-க்கு இரண்டாவது ப்ராசஸர் கண்ணுக்கே தெரியாது. அது சும்மா உட்கார்ந்திருக்கும். ரெண்டும் வேணும்னா விண்டோஸ் என்.டி. 4 போடணும். ஆனா அதுல யுஎஸ்பி கிடையாது, டைரக்ட்எக்ஸ் பழசு, பாதி கேம் ஓடாது. அதனால ஒரே டிஸ்க்குல ரெண்டு சிஸ்டம்: விளையாட 98, வேலைக்கு என்.டி. லினக்ஸ் பக்கம் போனவங்களும் உண்டு. 1996-ல வந்த 2.0 கெர்னல்ல ஒண்ணுக்கு மேற்பட்ட ப்ராசஸருக்கு ஆதரவு வந்துடுச்சு. ஆனா கெர்னலுக்குள்ள ஒரே ஒரு பெரிய பூட்டு. ஒரு ப்ராசஸர் உள்ள போனா இன்னொண்ணு வாசல்ல காத்திருக்கணும், கூட்டுக் குடும்பத்துல ஒரே பாத்ரூம் மாதிரி. அந்தப் பூட்டைத் துண்டு துண்டா பிரிச்சு, கடைசியில முழுசா எடுத்தது 2011-ல. பதினஞ்சு வருஷம்!

டிரைவர்கள் இன்னொரு தலைவலி. ஒரே ப்ராசஸர்ல மட்டும் சோதிச்ச டிரைவர், ரெண்டு ப்ராசஸர் ஒரே நேரத்துல அதே மெமரியைத் தொடும்போது நீலத் திரையைக் காட்டும். வேற எந்த மெஷின்லயும் வராத தப்பு, இங்க மட்டும் வரும், அதுவும் எப்பவாவது. கம்பெனிக்கு எழுதினா "நாங்க ரெண்டு ப்ராசஸரை ஆதரிக்கல"ன்னு பதில் வரும். 1999 டிசம்பர்ல வந்த குவேக் 3 விளையாட்டுல ஜான் கார்மாக் ரெண்டு ப்ராசஸருக்குன்னு ஒரு செட்டிங் வெச்சிருந்தாரு. இவங்களுக்கு அதுவே திருவிழா. 2000 பிப்ரவரியில விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் கேமும் யுஎஸ்பியும் ரெண்டு ப்ராசஸரும் ஒரே கூரைக்குள்ள வந்தது. ஆனா அதே 2000-ல வந்த புது செலரான்கள்ல இன்டெல் கதவை உள்பக்கமாவே சாத்திட்டது. கம்பி இழுத்தாலும் பிரயோஜனம் இல்ல.

இப்போ கதையோட மறுபக்கம்.

2000 நவம்பர்ல பென்டியம் 4 வந்தது. மெகாஹெர்ட்ஸ் எண்ணிக்கையை ஏத்திக்கிட்டே போறதுக்காகவே வரைஞ்ச வடிவம். பத்து கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும்னு பேச்சு. ஒரு ப்ராசஸரே அவ்வளவு வேகம்னா ரெண்டு எதுக்கு? ஆனா இன்டெல்லுக்குள்ளேயே ஒருத்தர் பயந்துட்டாரு. 2001 பிப்ரவரியில பாட் கெல்சிங்கர் ஒரு பொறியாளர் மாநாட்டுல ஒரு கணக்கைக் காட்டினாரு: இதே போக்குல போனா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வர்ற சூடு சில வருஷங்கள்ல அணு உலை அளவுக்குப் போகும், பிறகு ராக்கெட்டோட வாய், அதுக்கும் பிறகு சூரியனோட மேற்பரப்பு.

ஜனங்களுக்கு இது புரிஞ்சது அதே வருஷம் செப்டம்பர்ல. டாம்ஸ் ஹார்ட்வேர் தளம் ஒரு வீடியோ போட்டது. ஓடிக்கிட்டு இருக்கிற ப்ராசஸர் மேலிருந்து ஹீட்சிங்க்கைக் கையால எடுத்துடுவாங்க. பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கிட்டு தள்ளாடித் தள்ளாடி ஓடிச்சு. பென்டியம் 3 அப்படியே நின்னுடுச்சு. ஏஎம்டியோட ஆத்லான் புகைஞ்சு செத்துப் போச்சு. அந்தப் புகை எத்தனை பேரை ஹீட்சிங்க் கிளிப்பை இன்னொரு தடவை சரிபார்க்க வெச்சிருக்கும்!

அதுவரைக்கும் சூடு ஏன் கட்டுக்குள்ள இருந்தது? ஐபிஎம்-ல ராபர்ட் டென்னார்ட் குழு 1974-ல சொன்ன ஒரு விதி. டிரான்சிஸ்டரைச் சின்னதாக்கினா வோல்டேஜையும் குறைக்கலாம். அதனால ஒரே இடத்துல நிறைய டிரான்சிஸ்டர் வெச்சாலும் மொத்த சூடு ஏறாது. முப்பது வருஷம் தொழிலே இந்த வரத்துலதான் ஓடிச்சு. 90 நானோமீட்டர் வரும்போது டிரான்சிஸ்டர் ஆஃப்ல இருக்கும்போதே கரன்ட் கசிய ஆரம்பிச்சது. வோல்டேஜை இன்னும் இறக்க முடியல. வரம் தீர்ந்துடுச்சு.

2004 பிப்ரவரியில வந்த பிரெஸ்காட் பென்டியம் 4-ஓட வேகமான மாடல்கள் 115 வாட். பத்து வருஷத்துக்கு முன்னாடி இதே பென்டியம் பத்துப் பதினஞ்சு வாட்ல ஓடிக்கிட்டு இருந்தது. ஆப்பிள் பக்கமும் இதே பாடு: 2003-ல வந்த பவர் மேக் ஜி5-ல ரெண்டு ப்ராசஸருக்கும் சேர்த்து பெட்டிக்குள்ள ஒன்பது ஃபேன், அடுத்த வருஷம் 2.5 கிகாஹெர்ட்ஸ் ஜோடிக்கு ஃபேன் போதாம திரவக் கூலிங். பின்னாடி அதுல சிலது கசிஞ்சு மெஷினையே கெடுத்தது தனிக் கதை. மேடையில ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு வருஷத்துல 3 கிகாஹெர்ட்ஸ்னு வாக்குக் கொடுத்தாரு. வரவே இல்ல.

2004 மே மாசம், பென்டியம் 4-க்கு அடுத்ததா வர வேண்டிய டேஹாஸ் சிப்பை இன்டெல் கைவிட்டது. அக்டோபர்ல 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-யும் ரத்து. அதே மாசம் ஆர்லாண்டோவுல ஒரு மாநாட்டு மேடை. இன்டெல் தலைவர் கிரேக் பாரெட், ஆயிரக்கணக்கான பேர் முன்னாடி, விளையாட்டாத்தான், மண்டி போட்டு மன்னிப்புக் கேட்டாரு. விளையாட்டுதான். ஆனா அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, ரெண்டு ப்ராசஸர் கேட்டவனுக்கு ஒரு கம்பியைக் கொடுக்க மாட்டேன்னு சொன்ன கம்பெனியோட தலைவர் இவரு.

கணக்கு அதே பழைய கணக்கு, திருப்பிப் போட்டா போதும். வேகத்தைக் கொஞ்சம் குறைச்சா வோல்டேஜையும் குறைக்கலாம்; வோல்டேஜைப் பொறுத்து மின்சாரச் செலவு வர்க்கமா இறங்கும். மிச்சமாகிற வாட்டுல இன்னொரு கோரை வெச்சுடலாம். ஸ்டான்ஃபோர்டுல குன்லே ஒலுக்கோட்டுன் குழு 1996-லேயே ஒரே சிப்புல பல ப்ராசஸர் வைக்கலாம்னு வாதாடிச்சு. ஐபிஎம் 2001-ல பவர்4 சிப்புல ரெண்டு கோர் வெச்சுக் காட்டியும் விட்டது. வழி தெரியாம இல்ல. இறங்கத்தான் மனசு இல்ல.

2005 மே மாசக் கடைசியில ரெண்டும் சில நாள் இடைவெளியில வந்தது: இன்டெல்லோட பென்டியம் டி, ஏஎம்டியோட ஆத்லான் 64 எக்ஸ்2. பென்டியம் டி அவசர சமையல். ரெண்டு பிரெஸ்காட்டைப் பக்கத்துல பக்கத்துல வெச்ச மாதிரி, மேல் மாடல் 130 வாட். ரெண்டு கோரும் பேசிக்கணும்னா சிப்பை விட்டு வெளியே வந்து பஸ் வழியா சுத்திட்டுத்தான் போகணும், பிபி6-ல ரெண்டு செலரான் பேசின அதே வழி. சூடு உண்மையில அடங்கினது 2006 ஜூலையில, 65 வாட் கோர் 2 டியோ வந்தபோது. அதோட வேர் இஸ்ரேல்ல ஹைஃபா குழு லேப்டாப்புக்காக, பேட்டரியை மிச்சம் பிடிக்க வடிவமைச்ச பென்டியம் எம்-ல இருக்கு.

வழி திறந்துடுச்சு, சாஃப்ட்வேர்? சிப்போட வேகம் தானா ஏறும், எழுதின புரோகிராமும் தானா வேகமாகும்ங்கிற இலவசச் சாப்பாடு முடிஞ்சதுன்னு ஹெர்ப் சட்டர் 2005-ல ஒரு கட்டுரையில எச்சரிச்சாரு. கேம் ஆடினவங்க அதை வேடிக்கையான விதத்துல அனுபவிச்சாங்க. அந்தக் கால கேம்கள் நேரம் பார்க்கிறதுக்கு ப்ராசஸருக்குள்ள இருக்கிற ஒரு எண்ணியைப் படிக்கும். ஆத்லான் எக்ஸ்2-ல கோருக்கு ஒரு எண்ணி. ஒரு கோர் சும்மா இருக்கும்போது சூட்டைக் குறைக்க நிதானமாகும், அதோட எண்ணி பின்தங்கிடும். விண்டோஸ் கேமை ஒரு கோர்லிருந்து இன்னொண்ணுக்கு மாத்தினதும், கேமுக்கு நேரம் திடீர்னு முன்னாடி குதிக்கும், இல்ல பின்னாடி போகும். ஆளுங்க தறிகெட்டு ஓடுவாங்க, விட்டு விட்டு நகருவாங்க. ஏஎம்டி இதுக்குன்னே ஒரு குட்டி சாஃப்ட்வேர் வெளியிட்டது. அது கிடைக்காதவங்க செஞ்ச வைத்தியம்? கேமை ஒரே கோர்ல கட்டிப் போடறது. ப்ரைம்95-க்கு 1999-ல செஞ்ச அதே வேலை, இந்தத் தடவை இரண்டாவது கோர்கிட்ட இருந்து தப்பிக்கறதுக்காக.

விண்டோஸ் லைசென்ஸ் விஷயத்துல மட்டும் மைக்ரோசாஃப்ட் நல்ல பிள்ளையா நடந்துக்கிச்சு. எக்ஸ்.பி. ஹோம் ஒரே ஒரு ப்ராசஸரைத்தான் அனுமதிக்கும். கோரை எண்ணினா எல்லாரும் விலை கூடின ப்ரொஃபஷனல் வாங்கியிருக்கணும். ஆனா எண்ணறது கோரை இல்ல, மதர்போர்டுல உட்கார்ற சிப்பைத்தான்னு 2004 கடைசியிலேயே சொல்லிட்டாங்க. அந்த ஒரு முடிவு இல்லாம இருந்திருந்தா வீடுகள்ல இரண்டாவது கோர் இன்னும் சில வருஷம் விண்டோஸ் 98 காலத்து மாதிரி சும்மாவே உட்கார்ந்திருக்கும்.

2008 ஜனவரியில இன்டெல் செலரான் இ1200-ன்னு ஒரு சிப் வெளியிட்டது. 1.6 கிகாஹெர்ட்ஸ், ரெண்டு கோர், டெஸ்க்டாப் செலரான்லயே அதிகாரபூர்வமா ரெண்டு கோரோட வந்த முதல் சிப். ஓட்டை போட வேண்டாம், கம்பி வேண்டாம். அந்த வருஷக் கடைசியில ஏபிட் மதர்போர்டுத் தொழிலை மூடினது.